என்னெண்டு கூப்பிடுறது?

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையது அல்ல. ஃபுட்ஸ்க்ரேயிலிருந்து மெல்பர்ன் நகரத்துக்குப் போகும் காலை ரயிலில் எனக்குக் கிடைத்தது. கொடுத்தவர் கணேசலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர். நகரத்துக்குத் தண்ணீர்க் குழாய் போடுகிற ஓர் அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மன். நான் தஞ்சாவூர்க்காரன், வேறோர் அலுவலகத்தில் வேறொரு வேலை, அது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

பயணம் பதினைந்து நிமிடம்தான். ஆகவே கதையும் பதினைந்து பதினைந்து நிமிடமாக வந்தது. சனி ஞாயிறு குறுக்கே வந்தால் அறுந்துபோகும். வெள்ளிக்கிழமை ஒரு மாதிரி சொன்னதைத் திங்கட்கிழமை கொஞ்சம் மாற்றிச் சொல்வார். இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

"எழுதப்போறியளோ?" என்று ஒருநாள் கேட்டார்.

"எழுதலாமான்னு பாக்கிறேன்."

"எழுதுங்கோ. ஆனா என்னைக் கோமாளி ஆக்கிப்போடாதையுங்கோ."

வாக்குக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து இப்படித் தொடங்கினேன்:

*கணேசலிங்கம் அலுவலகத்துக்குள் நுழைந்தான். மேலதிகாரியின் மேசைக்கு*

இங்கே பேனா நின்றுவிட்டது. நாற்பத்து மூன்று வயது மனிதர், என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், நம்பித் தன் கதையைச் சொன்னவர். அவரை எப்படி 'நுழைந்தான்' என்று எழுதுவது? ஆனால் கதைகளில் அப்படித்தானே எழுதுகிறோம். ஊரிலிருந்து வரும் பத்திரிகைகளில் கதாநாயகர்கள் எல்லோரும் வந்தான், போனான், சிரித்தான். 'நுழைந்தார்' என்று எழுதினாலோ, ஏதோ கம்பெனியின் ஆண்டறிக்கை போல இருக்கிறது.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. நம்முடைய மொழியில் ஓர் ஆளைக் கதவைத் தாண்டி உள்ளே விடுவதற்குக்கூட, அவருக்கு எவ்வளவு மரியாதை என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். ஒரு வாரம் அந்தக் கதவிலேயே அவரை நிறுத்திவைத்திருந்தேன். பிறகு தீர்மானித்தேன்.

கணேசலிங்கம் அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

2

அது 1975, பெப்ரவரி. மனைவி யோகா, எட்டு வயது மகள் தயாளினி, மூன்று பெட்டிகள் என்று வந்து இறங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேலதிகாரி கை நீட்டினார். முப்பத்தொரு வயது, சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டவர்.

"குட் மோர்னிங், சேர்" என்றார் கணேசலிங்கம்.

"இங்கே சேர் யாரும் கிடையாது. நான் கெவ்." பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்து, கணேசலிங்கத்தின் பெயரை இரண்டு தரம் படிக்க முயன்று, சிரித்துவிட்டார். "இது என் வாய்க்குள் அடங்காது. கஸ் என்று வைத்துக்கொள்ளலாமா?"

கணேசலிங்கம் தலையசைத்தார். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவர் கஸ்.

தன் பெயர் போனதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மற்றவருடைய பெயரைச் சொல்வதுதான் முடியவில்லை. கொழும்பில் பதினாறு வருஷம் வேலை பார்த்தபோது, தன்னைவிட இளைய அதிகாரியையும் சேர் என்றே அழைத்துப் பழகிய நாக்கு. 'கெவ்' என்ற ஒற்றை அசைப் பெயர் அதில் ஏறவில்லை. சேர் என்றால் கெவ்வுக்குப் பிடிக்காது. கெவ் என்றால் தனக்கு வராது. எனவே எதையும் சொல்லாமல் இருந்தார். வரைபடத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு கெவ்வின் மேசைக்குப் பக்கத்தில் போய் நிற்பார். கெவ் தலையைத் தூக்கும்வரை நிற்பார். ரொம்ப நேரமானால் லேசாக இருமுவார். ஒருநாள் கெவ் ஜன்னல் பக்கம் திரும்பித் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது நாலு நிமிடம் அப்படி நின்றிருக்கிறார். அலுவலகத்தில் அதை நிதானம் என்று நினைத்துக்கொண்டார்கள். 'நம்ம கஸ்ஸுக்கு அவசரமே கிடையாது' என்று பாராட்டாகவே சொல்வார்கள்.

எட்டு மாதம் இப்படி ஓடியது. வீட்டில் கஸ் பற்றியும் சொல்லவில்லை, இருமல் பற்றியும் சொல்லவில்லை.

3

அதே பெப்ரவரி, பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் வாரம். தயாளினி வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே சொன்னாள்.

"அப்பா, எங்கட ரீச்சற்ற பேர் ஹெதர்."

"மிஸ் என்ன?"

"மிஸ் இல்லை. ஹெதர் மட்டும். எல்லாரும் அப்பிடித்தான் கூப்பிட வேணுமாம். நிலத்தில எங்களோட இருந்துதான் படிப்பிக்கிறவ."

யோகா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "நிலத்திலயோ? கதிரை இல்லையோ?"

"கதிரை இருக்கு. அவ அதில இருக்கிறேல்லை."

கணேசலிங்கம் மகளைப் பக்கத்தில் அழைத்து உட்காரவைத்தார். கோபமில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"பிள்ளை, ரீச்சர் அப்பிடிச் சொல்லுறது அவவின்ர நல்ல குணம். நாங்கள் அப்பிடிக் கூப்பிடாமல் இருக்கிறது எங்கட நல்ல குணம். விளங்குதோ?"

"அப்ப நான் என்னெண்டு கூப்பிடுறது?"

"மிஸ் எண்டு கூப்பிடு. போதும்."

மறுநாள் அவள் 'மிஸ்' என்று கூப்பிட்டாள். வகுப்பே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. ஹெதர் சிரிக்கவில்லை, புன்னகை மட்டும் செய்து, "இந்த அறையில் மிஸ் என்று யாரும் இல்லையே. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் நான் திரும்புவேன்" என்றார். விளையாட்டாகத்தான். ஆனால் எட்டு வயதில் பெரியவர்கள் சொல்வதில் விளையாட்டு எது, விதி எது என்று யார் பிரித்துச் சொல்வது?

வீட்டில் பெயர் சொல்லக் கூடாது. பள்ளியில் மிஸ் சொல்லக் கூடாது. தயாளினி சொல்பேச்சுக் கேட்கும் பிள்ளை. இரண்டு பேர் சொன்னதையும் கேட்டாள். இரண்டையும் சேர்த்துக் கேட்பதற்கு ஒரு வழிதான் இருந்தது. ஆசிரியையைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

[ஹெதரைப் பற்றி எனக்கு ஒரு சங்கடம். அவரை நான் பார்த்ததே இல்லை. முதல் படியில் அவருக்கு நீளமான செம்பட்டைத் தலைமுடியும் தரையைக் கூட்டும் பாவாடையும் கொடுத்திருந்தேன்; கூடவே கொஞ்சம் அசட்டுத்தனமும் சேர்ந்துவிட்டது. படித்தவர்கள் எல்லோரும் 'இந்த டீச்சர்தான் காரணம்' என்றார்கள். அதையெல்லாம் அடித்துவிட்டேன். கணேசலிங்கம் அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'அவ சொன்னவ, அவ வந்தவ' என்றுதான் சொல்வார். யாழ்ப்பாணப் பேச்சில் 'அவள்' வேறு, 'அவ' வேறு. அந்த 'அவ'வில் மரியாதை இருக்கிறது. இருபத்து நாலு வயது ஆசிரியைக்கு அவர் கொடுத்ததை எடுத்துவிட எனக்கு என்ன உரிமை? ஆகவே இந்தக் கதையில் ஹெதர் வந்தார், போனார். முடியின் நிறம் தெரியாது.]

4

ஜூன் மாதம் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே தயாளினி தயா ஆகியிருந்தாள். தயா கணக்கில் நன்றாக இருக்கிறாள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறாள், ஆனால் தானாக யாரையும் அழைப்பதில்லை, பென்சில் முனை உடைந்தால் உடைந்த பென்சிலோடு மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருக்கிறாள், முதுகுப் பக்கம் நின்று பேசினால் சில வேளை திரும்புவதில்லை, காதைப் பரிசோதித்துப் பார்ப்பது நல்லது என்று எழுதியிருந்தது.

யோகா அந்தக் கடிதத்தை மூன்று தரம் படித்தார். "எங்கட பக்கத்தில ஆருக்கும் செவிடு இல்லையே" என்றார்.

"எங்கட பக்கத்திலயும் இல்லை" என்றார் கணேசலிங்கம். இந்தப் பதிலால் அன்று சமையல் கொஞ்சம் சத்தமாக நடந்ததாம்.*

[*யோகா இந்தப் படியைப் படித்துவிட்டு, "சமையல் சத்தமா நடக்கேல்லை. அதை வெட்டிவிடுங்கோ" என்றார். வெட்டவில்லை. இந்தக் குறிப்பைச் சேர்த்திருக்கிறேன்.]

காது ஆஸ்பத்திரியில் பிள்ளையின் தலையில் ஒரு கருவியை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் தூக்கினாள். கேட்கவே கேட்காது என்று அவர்கள் நினைத்து வைத்த ஒன்றுக்கும் தூக்கினாள். டாக்டர் கருவியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "உங்கள் வீட்டில் ரகசியம் ஏதாவது பேச வேண்டுமென்றால் தெருவுக்குப் போய்ப் பேசுங்கள்."

நிம்மதியாக வீடு திரும்பினார்கள். ஆசிரியைக்குக் காகிதம் போயிற்று. புது நாடு, கூச்சம், போகப் போகச் சரியாகிவிடும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பிள்ளையின் காதைச் சோதித்தார்கள், கண்ணைச் சோதித்தார்கள், வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையையும் பார்த்தார்கள். ஏன் கூப்பிடுவதில்லை என்று அவளிடம் யாராவது கேட்டிருந்தால்

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. கேட்டிருந்தால் கதை ஜூனிலேயே முடிந்திருக்கும், அக்டோபர் வரவேண்டியிருந்திருக்காது.

5

அக்டோபரில் வகுப்பை வெரிபீ பக்கம் ஒரு காய்கறிப் பண்ணைக்குக் கூட்டிப் போனார்கள். இத்தாலியக் குடும்பம் ஒன்றின் பண்ணை. கண்ணுக்கு எட்டும்வரை காலிஃப்ளவர். பிள்ளைகள் வரிசையாகப் பாத்திகளுக்கு நடுவே நடந்தார்கள், தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைப் பார்த்தார்கள், ஆளுக்கு ஒரு கரட் தின்றார்கள். இரண்டு மணிக்குப் பேருந்தில் ஏறினார்கள். ஹெதர் படியில் நின்று தலை எண்ணினார். இருபத்தெட்டு. சரியாகத்தான் இருந்தது. இடம் மாறி உட்கார்ந்த ஒரு பிள்ளையை இரண்டு தரம் எண்ணிவிட்டார் என்பது பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

அதற்குள் பண்ணைக்காரரின் மனைவி பள்ளிக்குத் தொலைபேசி எடுத்திருந்தார். உங்கள் பிள்ளை ஒன்று இங்கே வேலி ஓரமாக நிற்கிறது, பத்திரமாக இருக்கிறது என்று. பள்ளியிலிருந்து யோகாவுக்குச் செய்தி வந்தது. அவர் உடனே கணவரின் அலுவலகத்துக்கு எடுத்தார்.

"மிஸ்டர் கணேசலிங்கத்தோடு பேச வேண்டும்."

மறுமுனையில் இருந்த பெண் வேலைக்குப் புதிது. "அப்படி யாரும் இங்கே இல்லையே" என்றாள்.

யோகா எழுத்து எழுத்தாகச் சொன்னார். இல்லை. இலங்கையிலிருந்து வந்தவர் என்றார். கண்ணாடி போட்டவர், படம் வரைகிறவர், மெலிந்தவர். கணவரின் பெயரை அவர் வாழ்க்கையில் இத்தனை தடவை உரக்கச் சொன்னது அன்றுதான்.

"ஓ, கஸ்ஸா?" என்றாள் அந்தப் பெண். பிறகு வாயை விலக்கி, "கஸ், உங்களுக்குத்தான்" என்று கூப்பிடுவது கேட்டது.

வேறு யாரோ ஓர் ஆள் வரப்போகிறான் என்று யோகா காத்திருந்தார். 'ஹலோ' என்று வந்தது அவருடைய கணவரின் குரல்.

அந்த நேரம் கெவ் தன் மேசையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கணேசலிங்கம் தொலைபேசியை வைத்த விதத்திலேயே ஏதோ புரிந்து எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார். மேல்சட்டையை எடுத்துக்கொண்டார்.

"கார் கீழே நிற்கிறது. வாருங்கள்."

[இதை 'வா' என்று எழுதுவதா, 'வாருங்கள்' என்று எழுதுவதா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கெவ் ஆங்கிலத்தில் சொன்னது எந்தப் பக்கமும் சாயாதது. தமிழில் எழுதும்போது நான்தான் ஒரு பக்கம் சாய்க்க வேண்டியிருக்கிறது. முதல் படியில் 'வா' என்றுதான் இருந்தது. ஆனால் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, முப்பது கிலோமீட்டர் தானே ஓட்டிக்கொண்டு போன மனிதர். 'வாருங்கள்' என்று மாற்றினேன். அந்தத் தொலைபேசிப் பெண்ணுடைய 'உனக்குத்தான்' என்பதையும் அப்போதுதான் 'உங்களுக்குத்தான்' ஆக்கினேன்.]

வழி நெடுக கெவ் பேசிக்கொண்டே வந்தார். ஐந்து வயதில் தான் கடற்கரையில் தொலைந்துபோன கதை, ஐஸ்கிரீம் விற்றவர் தூக்கிக்கொண்டுபோய்ப் போலீசில் விட்ட கதை, அம்மா அடித்த அடி. கணேசலிங்கத்துக்கு எதுவும் காதில் விழவில்லை. பேச்சு நிற்காமல் இருப்பதற்காகத்தான் இந்த மனிதர் பேசுகிறார் என்பது மட்டும் தெரிந்தது.

தயாளினி பண்ணைக் கொட்டகையில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பாண் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். அழுத முகம், கழுவித் துடைத்துவிட்டிருந்தார்கள். அப்பாவைக் கண்டதும் எழுந்தாள். ஓடி வரவில்லை. முதலில் பண்ணைக்கார அம்மாளின் பக்கம் திரும்பி, "தேங்க்யூ, அன்ரி" என்றாள். பிறகுதான் ஓடி வந்தாள்.

6

திரும்பி வரும்போது பின் இருக்கையில் தகப்பனும் மகளும். கெவ் முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன நடந்தது, பிள்ளை?"

"சப்பாத்து லேஸ் அவிண்டு போச்சு, அப்பா. குனிஞ்சு கட்டினனான். நிமிந்து பாத்தா எல்லாரும் பஸ்ஸுக்குப் போட்டினம்."

"ரீச்சர் எங்க நிண்டவ?"

"கிட்டத்தான். அந்தா அந்த மரம் மட்டும் தூரம்." ஓடும் காரின் ஜன்னல் வழியே ஒரு மரத்தைக் காட்டினாள். அது பின்னால் போய்விட்டது. "எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டவ."

"கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிடப் பாத்தனான். என்னெண்டு கூப்பிடுறது? நீங்கள் பேர் சொல்லப்படாது எண்டு சொன்னீங்கள். அவ மிஸ் எண்டா திரும்பமாட்டன் எண்டு சொன்னவ."

"ஸ்டொப் எண்டு கத்தியிருக்கலாம், அம்மா."

"பெரியாக்களைப் பாத்து ஸ்டொப் எண்டு கத்துறது மரியாதை இல்லைத்தானே?"

அதைக் குற்றமாகச் சொல்லவில்லை அவள். பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். தான் சரியாகத்தான் செய்தோமா என்று உறுதிப்படுத்திக்கொள்ள அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

கெவ் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். "என்ன சொல்கிறாள்?"

"சப்பாத்து லேஸ் அவிழ்ந்துவிட்டதாம்" என்றார் கணேசலிங்கம்.

"பாவம்" என்றார் கெவ்.

[இந்த இடத்தில் நான் கணேசலிங்கத்தைக் கேட்டேன்: "முழுசா சொல்லியிருக்கலாமே?" அவர் சொன்னார்: "சொல்லியிருந்தா, பிள்ளையின்ர கதையோட என்ர கதையும் சேர்ந்தெல்லோ வெளியில வந்திருக்கும்." நான் அதற்கு மேல் கேட்கவில்லை. எழுதுகிறவன் கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது.]

7

வீடு வந்து, பிள்ளையைக் குளிக்கவார்த்து, சோறு ஊட்டி, அவள் படம் வரைய உட்கார்ந்த பிறகு யோகா தேத்தண்ணீரோடு வந்து எதிரே இருந்தார்.

"இஞ்சேருங்கோ. ஆர் இந்தக் கஸ்?"

கணேசலிங்கம் சொன்னார். பெயர் போன விதத்தைச் சொன்னார். தான் யாரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடாததையும் சொன்னார். இருமலையும் சொன்னார்.

யோகா சிரிப்பார் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். யோகா சிரிக்கவில்லை.

"எட்டு மாசமா வேற பேரில இருந்திருக்கிறியள். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. பிள்ளையும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. ரெண்டு பேரும் ஒரே மாதிரி." தேத்தண்ணீர்க் கோப்பையை நகர்த்தி வைத்தார். "காது சோதிக்க வேண்டியது எங்களைத்தான்."

"நான் அவளுக்குப் பிழையாச் சொல்லிக்குடுக்கேல்லை, யோகா."

"பிழை எண்டு ஆர் சொன்னது? சரியாத்தான் சொல்லிக்குடுத்தனீங்கள். ஆனா அவள் வயலுக்குள்ள தனிய நிண்டவள்."

காலையில் குளியலறைக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம் கேட்டு யோகா கதவைத் தட்டினார். "ஆரோட கதைக்கிறீங்கள்?"

"ஒருத்தரோடயும் இல்லை. ஷேவ் எடுக்கிறன்."

முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடியைப் பார்த்து அவர் 'ஹெதர், ஹெதர்' என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது தடவையில்தான் கொஞ்சம் இயல்பாக வந்ததாம். இதை அவர் சொன்னது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை 'நாலாவது தடவை' என்று மாற்றினார். நான் ஒன்பதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

8

அவர் நினைத்தது இதுதான். பிள்ளைக்குப் போய் 'இனி நீ பேர் சொல்லலாம்' என்று சொன்னால் போதாது. தகப்பன் செய்யாததைப் பிள்ளை செய்யாது. தானே அவள் முன்னால் ஒருதரம் சொல்லிவிட வேண்டும்.

வகுப்பறை வாசலில் ஹெதர் இவர்களுக்காகக் காத்திருந்தார். தூங்காத கண்கள். கணேசலிங்கம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே போனார்.

"குட் மோர்னிங், ஹெதர்."

அதே நேரத்தில் ஹெதர் குனிந்து, பிள்ளையின் முகத்துக்கு நேரே வந்து, அந்த முதல் வார 'மிஸ்' ஞாபகம் வந்து, தானும் ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "தயா, இனிமேல் நீ என்னைக் குடும்பப் பெயர் சொல்லி மிஸ் டன் என்றே கூப்பிடலாம். உனக்கு அதுதான் பிடிக்கும் என்றால். யாரும் சிரிக்கமாட்டார்கள்."

இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஹெதரின் முகம் சிவந்தது. கணேசலிங்கம் தன் காது சுடுவதை உணர்ந்தார். அவர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டார். ஆசிரியை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்துவிட்டார். பிள்ளை மறுபடியும் நடுவில்.

தயாளினி அப்பாவைப் பார்த்தாள். ஆசிரியையைப் பார்த்தாள். இந்தத் தடவை எந்த விதியைக் கேட்பது என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

கணேசலிங்கம் குனிந்து தமிழில் சொன்னார்: "உமக்கு எது சரியெண்டு படுதோ, அப்பிடிக் கூப்பிடும்."

[எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் ஒருவரைப் பார்த்து 'உமக்கு', 'நீர்' என்று சொன்னால் சண்டை வரப்போகிறது என்று அர்த்தம். யாழ்ப்பாணத்தில் அது வேறு. 'நீ'க்கு மேலே, 'நீங்கள்' என்பதற்குக் கீழே ஒரு படி. கணவன் மனைவியைச் சொல்வது, நண்பர்கள் ஒருவரையொருவர் சொல்வது. வளர்ந்த பிள்ளையைச் செல்லமாகச் சொல்வதும் உண்டு. தயாளினியை அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை என்றார். ஏன் சொன்னார் என்று அவருக்கும் தெரியவில்லை. வாயில் வந்ததாம்.]

9

முடிவுக்கு வந்துவிட்டேன். என்னிடம் இரண்டு முடிவுகள் எழுதிக் கிடந்தன.

ஒன்றில், கணேசலிங்கம் அன்று அலுவலகத்துக்குப் போய், இருமாமல், "தேங்க்யூ, கெவ்" என்கிறார். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. ரயிலில் அவரிடம் படித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார்.

"அப்பிடி நடக்கேல்லை. நான் போய்ப் பக்கத்தில நிண்டனான். அவர் நிமிந்து பாத்து, பிள்ளை சுகமோ எண்டு கேட்டவர். ஓம், தேங்க்யூ எண்டு சொன்னனான். அவ்வளவுதான்."

"இப்பவும் பேர் சொல்றதில்லையா?"

"அவர் வேற கந்தோருக்கு, வேற ஒஃபிசுக்கு, மாறிப் போட்டார். போகும்வரைக்கும் சொல்லேல்லை. மகளுக்காக ஒருநாள் ஏலும். எனக்காக ஏலாது."

இரண்டாவதில், ஹெதர் வகுப்பு முழுவதுக்கும் மரியாதைச் சொற்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறார், பிள்ளைகள் எல்லோரும் திருந்துகிறார்கள். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

நடந்தது இது. அதே காலை, மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. மகளைத் திடலில் விட்டுவிட்டு கணேசலிங்கம் வெளிக் கதவை நோக்கி நடந்தார். ஹெதர் ஒரு கூடை நிறையப் பந்துகளைத் தூக்கிக்கொண்டு திடலின் மறுகோடிக்குப் போய்க்கொண்டிருந்தார். நூறு பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். கதவில் கை வைத்தபோது அவருக்குத் தன் மகளின் குரல் கேட்டது. வீட்டில்கூட அவள் அவ்வளவு சத்தம் போட்டதில்லை. திரும்பிப் பார்த்தார். தண்ணீர்க் குழாயடியில் நின்று, இரண்டு கையையும் வாயைச் சுற்றி வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். ஒரு பந்து கூடையிலிருந்து விழுந்து அவளிடம் உருண்டு வந்திருந்தது.

ஹெதர் நின்றார். திரும்பினார். கூடையோடு அவளை நோக்கி நடந்து வந்தார்.

என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்பது அத்தனை இரைச்சலில் கணேசலிங்கத்துக்குப் பிடிபடவில்லை. அன்று மாலை வீட்டில் அவர் கேட்கவில்லை. யோகாவையும் கேட்கவிடவில்லை. அது அவளுடைய விஷயம் என்றார்.

இப்போது 1979. தயாளினிக்குப் பன்னிரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். என்னை அங்கிள் என்கிறாள், என் மனைவியை அன்ரி என்கிறாள், நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். அவளைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கேட்கவில்லை.

ஆகவே அந்த வாக்கியத்தில் ஓர் இடம் காலியாகக் கிடக்கிறது:

*"________" என்று தயாளினி கூப்பிட்டாள்.*

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நீங்கள் என்ன பழக்கியிருக்கிறீர்களோ எனக்குத் தெரியாது. எது சரி என்று படுகிறதோ அதை எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அவள் சத்தமாகத்தான் கூப்பிட்டாள்.